இரட்டைப் பிள்ளைகளும் குறைமாத வலியும்: படுக்கை மட்டும் போதுமா?



உங்கள் வயிற்றில் அல்லாஹ் ஒன்றுக்கு இரண்டாக அமானிதங்களை ஒப்படைத்திருக்கிறான் என்று ஸ்கேன் காட்டிவிட்டதா? அல்ஹம்துலில்லாஹ்! வீட்டில் சந்தோஷம் பொங்கியிருக்கும். இரண்டு தொட்டில், இரண்டு பெயர் என்று பேச்சு ஓடியிருக்கும். கூடவே புத்திமதிகளும் வந்து குவிந்திருக்கும். “இனி நடக்கக் கூடாது, குனியக் கூடாது, படுத்த படுக்கையாகவே இருக்க வேண்டும்” என்று மாமி சொல்வார். மூத்தும்மாவும் அதையே சொல்வார். பக்கத்து வீட்டு ராத்தாவும் சொல்வார்.

இவையெல்லாம் அன்பினால் வரும் வார்த்தைகள். ஆனால் இரட்டைப் பிள்ளைகளைச் சுமக்கும் தாய் அறிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான விஷயம் இந்தப் புத்திமதிகளில் இல்லை. காலத்துக்கு முந்தி வலி வந்தால் அதை இனங்கண்டு, உரிய ஆஸ்பத்திரிக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்வதே அந்த விஷயம். மாதக்கணக்கில் படுத்திருப்பதை விட, அந்த முதல் சில மணி நேரமே பிள்ளைகளுக்குப் பெரிய பாதுகாப்பு.

காலம் எது? முந்துவது எது?

கர்ப்ப காலம் 40 வாரங்கள். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அதாவது பத்துக் குழந்தைகளில் ஒன்று. இரட்டையர்களை எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரங்களுக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். ஆகவே இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாத வலி ஓர் அபூர்வமல்ல. அதை எதிர்பார்த்துத் தயாராக இருப்பதே புத்திசாலித்தனம்.

ஏன் இப்படி நேர்கிறது? இரண்டு சிசுக்கள் வளரும்போது, ஒரு பிள்ளை நிறைமாதத்தில் எடுக்கும் இடத்தைக் கர்ப்பப்பை பல வாரங்களுக்கு முன்பே எட்டிவிடுகிறது. விரிந்த தசை சுருங்கத் தொடங்கலாம். கர்ப்பப்பை வாய் முன்கூட்டியே குறுகித் திறக்கலாம். சிறுநீர்த் தொற்று, யோனித் தொற்று, பன்னீர்க்குடத்தில் அளவுக்கு மிஞ்சிய நீர் ஆகியனவும் காரணமாகலாம். பல வேளைகளில் டாக்டர்களுக்கே காரணம் தெரிவதில்லை.

இரு சிசுக்களுக்கும் ஒரே நஞ்சா, தனித்தனி நஞ்சா என்பதை 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் தெளிவாக அறியலாம். ஒரே நஞ்சானால் ஒரு சிசுவுக்கு இரத்தம் கூடவும் மற்றதற்குக் குறையவும் வாய்ப்புண்டு. அதனால் 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தேவைப்படும். கிளினிக்கில் இதை நீங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘சூட்டு வலி’ என்று விட்டுவிடாதீர்கள்

ஏழாம் மாதம். அஸர் தொழுதுவிட்டு எழும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு. வயிறு கல்லுப் போல இறுகுகிறது, பின்னர் தளர்கிறது. சற்று நேரத்தில் மறுபடியும் இறுகுகிறது. மாமியிடம் சொல்கிறீர்கள். “அது சூட்டு வலி மகள். கொத்தமல்லித் தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சம் சாஞ்சிரிங்க” என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் கணவர் இரவு கோல் எடுப்பார், அவரிடம் கேட்டுவிட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறீர்கள். இப்படியே ஓர் இரவு போய்விடுகிறது. அந்த இரவுதான் விலை மதிப்பற்றது!

பின்வரும் அறிகுறிகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்:

● வயிறு இறுகுவதும் தளர்வதும் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருதல்.

● விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, அல்லது மாதவிடாய் வலி போன்ற அடிவயிற்று வலி.

● பிள்ளை கீழே இறங்கி அழுத்துவது போன்ற உணர்வு.

● தண்ணீர் போலவோ, சளி போலவோ, இரத்தம் கலந்தோ கசிதல்.

வலி மட்டும் என்றால் சிறுநீர் கழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, இடப் பக்கமாகச் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்து ஒரு மணி நேரம் எண்ணிப் பாருங்கள். நான்கு முறையோ அதற்கு மேலோ இறுகினால் புறப்படுங்கள். நீர் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, பிள்ளைகளின் அசைவு குறைந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. கிளினிக் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ள மறவாதீர்கள்.

போய்ப் பார்த்து “பொய் வலி” என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தடவை வீணாகப் போனாலும் பரவாயில்லை. ஒரு தடவை பிந்திப் போய்விடக் கூடாது.

“ஆண் டாக்டர் பார்ப்பாரே” என்ற தயக்கம் நம் பெண்கள் பலருக்கு உண்டு. பெண் டாக்டர் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் தாமதிக்க வேண்டாம். உயிரைக் காக்கும் அவசியம் வரும்போது ஆண் வைத்தியரிடம் காட்ட மார்க்கம் இடமளித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்?

வலியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் இரண்டு நாட்கள் தள்ளிப்போட முடியும். அந்த 48 மணி நேரத்தில்தான் பெரிய காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, பிள்ளைகளின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீரொயிட் ஊசி. இதன் கதை சுவையானது. நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் லிகின்ஸ் என்ற மகப்பேற்று வைத்தியர் செம்மறியாடுகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்த மருந்து பெற்ற குட்டிகள், காலத்துக்கு வெகு முன்பே பிறந்தும் மூச்சு விடுவதைக் கண்டு வியந்தார். பின்னர் குழந்தை வைத்தியர் ஹோவியுடன் சேர்ந்து தாய்மாரிடம் பரிசோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார். நம் பிராந்தியத்துக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு 2020இல் விடை கிடைத்தது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், இந்த ஊசி குழந்தை மரணங்களைக் குறைத்தது உறுதியானது. ஊசி போட்ட பின் ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தால்தான் முழுப் பயன் தெரியும். நேரத்தோடு போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நீரிழிவு உள்ள தாய்மாருக்குச் சில நாட்கள் சீனி கூடலாம்; பயப்பட வேண்டாம், வார்ட்டில் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, வலியைத் தணிக்கும் மருந்து. பெரும்பாலும் நிபெடிபின் என்ற இரத்த அமுக்க மாத்திரையைக் கொடுப்பார்கள். தலைவலியும் முகச் சூடும் வரலாம்.

மூன்றாவது, 32 வாரங்களுக்கு முன் பிரசவம் நெருங்கிவிட்டால் மெக்னீசியம் சல்பேற் ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் தீப்பற்றியது போல் சுடும். அது பிள்ளைகளின் மூளைக்குப் பாதுகாப்பு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உங்களை மாற்றுவது. “இங்கிருந்து ஏன் அவ்வளவு தூரம்?” என்று வீட்டார் மறுக்கக் கூடாது. பிறந்த பின் சின்னஞ்சிறு உயிர்களை அம்புலன்ஸில் கொண்டு போவதை விட, தாயின் வயிற்றிலேயே கொண்டு போவதுதான் பாதுகாப்பு.

கட்டிலோடு கட்டிலாக இருக்க வேண்டுமா?

“படுத்தே இருந்தால் பிள்ளை நிற்கும்” என்று டாக்டர்களும் ஒரு காலத்தில் நம்பியே இருந்தார்கள். இரட்டைக் கர்ப்பிணிகளை வாரக்கணக்கில் வார்ட்டில் படுக்க வைத்தார்கள். சிம்பாப்வேயின் ஹராரே நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரட்டையரைச் சுமந்த தாய்மாரில் ஒரு பகுதியினரை 32ஆவது வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் ஓய்வுக்காக அனுமதித்தார்கள். மற்றவர்களை வீட்டிலேயே விட்டார்கள். 1985இல் வெளியான முடிவு பலரையும் திகைக்க வைத்தது. படுத்திருந்தவர்களின் கர்ப்பம் நீடிக்கவில்லை!

பின்னர் வந்த ஆய்வுகளும் முழுப் படுக்கை ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கிறது என்று காட்டவில்லை. மாறாக, அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டியாகலாம், தசையும் எலும்பும் பலவீனப்படும், மலச்சிக்கல் வரும், மனமும் சோர்ந்துவிடும்.

அப்படியென்றால் டாக்டர் ஏன் என்னை வார்ட்டில் வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள். நீர் உடைந்திருக்கலாம், இரத்தப் போக்கு இருக்கலாம், கர்ப்பப்பை வாய் திறந்திருக்கலாம், வீடு தூரமாக இருக்கலாம். திடீரென வலி கூடினால் உடனே கவனிப்பதற்காகவே உங்களை வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்களாக ‘துண்டு வெட்டி’க்கொண்டு வீட்டுக்குப் போகவும் வேண்டாம், நீங்களாகக் கட்டிலோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். “நான் எவ்வளவு நடக்கலாம்? குளிக்கலாமா? படியேறலாமா?” என்று வார்ட் ரவுண்டில் தெளிவாகக் கேளுங்கள். அவர்கள் அனுமதிக்கும் அளவுக்கு எழுந்து நடங்கள். படுத்திருக்கும்போது பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். தண்ணீரும் மரக்கறியும் பழமும் நன்றாக எடுங்கள்.

வார்ட்டில் கழியும் நாட்கள்

பக்கத்துக் கட்டில் தாய் பிள்ளையோடு வீடு போவாள்; நீங்கள் இருப்பீர்கள். இரவில் எங்கோ ஒரு குழந்தை அழும்போது நெஞ்சு படபடக்கும். வீட்டில் விட்டு வந்த மூத்த பிள்ளையின் முகம் கண்ணில் நிற்கும். இந்த அழுகை ஈமானின் பலவீனம் அல்ல, தாய்மையின் இயல்பு. பல நாட்கள் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் டாக்டரிடமோ தாதியிடமோ மறைக்காமல் சொல்லுங்கள்.

நின்று தொழ முடியாவிட்டால் இருந்து தொழலாம். அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம். தண்ணீர் பாவிக்க இயலாதபோது தயம்மும் இருக்கிறது. றமழான் வந்தால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யக் கர்ப்பிணிக்கு அனுமதியுண்டு. உடம்பில் நீர் குறைவது இந்த நிலையில் நல்லதல்ல.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

“அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போனதால்தான் இப்படி” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். உட்கார்ந்ததாலும் எழுந்ததாலும் குறைமாத வலி வருவதில்லை. அவள் ஏற்கெனவே தன்னைத்தானே குற்றஞ் சொல்லிக்கொண்டிருப்பாள். மூத்த பிள்ளையைப் பொறுப்பேற்று, பாடசாலைக்கு அனுப்பி, பார்வையிடும் நேரத்தில் ஒரு சாப்பாட்டுப் பார்சலோடு போய்ச் சிரித்த முகத்துடன் பக்கத்தில் இருங்கள். கணவர்மார்களே! வெளிநாட்டில் இருந்தால், “அவசரமென்றால் என்னைக் கேட்காமலே ஆஸ்பத்திரிக்குப் போ” என்று இன்றே சொல்லி வையுங்கள்.

முந்திப் பிறந்துவிட்டால்

பிள்ளைகளை பி.பி.யூ. எனப்படும் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வைப்பார்கள். வயரும் குழாயுமாகப் பார்க்கும்போது கலங்கும். ஆனால் உங்களால் மட்டுமே முடிந்த இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று பால். உறிஞ்ச முடியாத குழந்தைக்கும் சீம்பாலைக் கறந்து குழாய் வழியே கொடுப்பார்கள். முதல் நாளிலிருந்தே கறக்கத் தொடங்குங்கள். மற்றது உங்கள் நெஞ்சின் சூடு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை தொடங்கியது. ஏழைகளின் மாற்று வழியாகத் தொடங்கிய அதை, பிறந்தவுடனேயே ஆரம்பிக்கும்படி 2022இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. வாப்பாவும் அணைத்து வைக்கலாம். ஏழாம் நாள் முடி களைவதும் அகீகாவும் பிள்ளைகள் தேறும் வரை பிந்தினால் கவலைப்பட வேண்டாம்.

எல்லாம் செய்தும் சில வேளைகளில் பிள்ளை தங்குவதில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். உங்கள் குற்றம் அல்ல.

பேரீச்ச மரத்தடியில் தனியே வேதனைப்பட்ட மர்யம் (அலை) அவர்களை அல்குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறது. ஆறுதலும் நீரும் உணவும் அல்லாஹ்விடமிருந்தே வந்தன. ஆயினும் கனி விழுவதற்கு மரத்தை உலுக்கும்படி அந்தப் பலவீனமான தாயிடம்தான் சொல்லப்பட்டது. சகோதரியே, துஆவை விடாதீர்கள். அத்தோடு உங்கள் கையால் ஆகும் காரியத்தையும் விடாதீர்கள். வயிறு இறுகத் தொடங்கிய அந்த மாலையில் கொத்தமல்லித் தண்ணியோடு காத்திருக்காமல் புறப்பட்டுவிடுங்கள். உங்கள் இரு பிள்ளைகளையும் உங்கள் மடியில் சேர்த்து வைக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. ஆமீன்.