நிலைத்த வேலை – 6: சான்றிதழ் சோறு போடாது

1990 ஜனவரியில், அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரிலிருந்த லீவைஸ் தையல் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். கால்சட்டை தைத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். அவர்கள் பார்த்த வேலை கோஸ்டா ரிகாவுக்குப் போனது. அதே ஊரில் ஆஸ்பத்திரிகளோ நர்ஸ் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தன.

அங்கே 'காப்ஸ்' என்றொரு மக்கள் அமைப்பு உண்டு. 1974-ல் எர்னஸ்டோ கோர்டேஸ் என்பவர் மாதா கோயில் பங்குகளை இணைத்துக் கட்டியது. தெருவில் வெள்ளம் தேங்காமல் வடிகால் கேட்டுப் பழகிய அந்த ஜனங்கள், இப்போது வேலையைக் கையிலெடுத்தார்கள். வீடு வீடாகக் கூடிப் பேசியபோது ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வந்தது: பயிற்சிக்குப் போனோம், சான்றிதழ் வாங்கினோம், வேலை மட்டும் கிடைக்கவில்லை.

எனவே அவர்கள் வகுப்பறையிலிருந்து தொடங்கவில்லை. முதலாளிகளைச் சந்தித்து, எந்த வேலைக்கு ஆள் வேண்டும், என்ன சம்பளம் தருவீர்கள் என்று கேட்டார்கள். 650 வேலைகளுக்கு வாக்குறுதி வாங்கிக்கொண்டார்கள். அதைக் காட்டித்தான் நகராட்சியிடமும் மாநில ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் நிதி பெற்றார்கள். 1992-ல் 'புராஜெக்ட் குவெஸ்ட்' பிறந்தது.

நான்கு வாரத்தில் முடித்து அனுப்பும் பயிற்சி அல்ல இது. அரசுக் கல்லூரியில் இரண்டு வருடம் வரை படிக்க வேண்டும். கட்டணம், புத்தகம், பஸ் செலவு எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. கணக்கில் பின்தங்கியவர்களுக்கு முதலில் அடிப்படைப் பாடம். இதற்கெல்லாம் மேலாக, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர். வாரந்தோறும் கட்டாயக் கூட்டம். இந்தத் திட்டத்தின் உயிரே அந்தக் கூட்டம்தான் என்பேன். முப்பத்தைந்து வயதில் படிக்க வந்த ஒரு தாய் பாடம் புரியாமல் மட்டும் நிற்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வாடகை பாக்கி, வண்டி பழுது, இவற்றில் ஏதோ ஒன்று போதும்; ஒரு வாரம் வகுப்புக்கு வராதவள் பிறகு வரவே கூசுவாள். அந்த ஒரு வாரத்திலேயே அவளைத் தேடிப் பேச ஆள் வேண்டும். நம் கண்ணில் சின்னதாகப் படும் இந்தச் செலவுகளைத்தான் பட்ஜெட் போடுகிறவர்கள் முதலில் வெட்டுகிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

பலன் கிடைத்ததா? 2006 முதல் 2008 வரை மருத்துவத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பித்த சுமார் 400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்பை மட்டும் குவெஸ்ட்டில் சேர்த்து, இரு தரப்பையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். முதல் வருடம் குவெஸ்ட்டில் சேர்ந்தவர்களின் வருமானம் குறைவு, படித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா! பிறகு முந்தினார்கள். ஒன்பதாம் ஆண்டிலும் மற்றவர்களைவிட ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆறே மாதத்தில் கணக்குக் கேட்டிருந்தால், திட்டம் தோற்றதென்று மூடியிருப்பார்கள்.

ஒரு வாசல் மட்டும் ஒடுங்கியே இருந்தது. பள்ளி இறுதிப் படிப்போ அதற்கு இணையான தேர்வோ முடிக்காதவர்களுக்குக் குவெஸ்ட்டில் இடமில்லை. சிறு வயதிலேயே மெஷினில் உட்கார்ந்து, நடு வயதில் வெளியே தள்ளப்பட்ட பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தடை! இன்னொரு பக்கம், ஆலையில் வேலையிழந்த பெண்கள் தாங்களே 'ஃபுயர்சா உனிடா' என்ற அமைப்பைத் தொடங்கி லீவைஸை எதிர்த்து நின்றார்கள். அடுத்த வாரம் அவர்களைப் பற்றி.