பக்கவாதம் வந்தா உடனே ஆஸ்பிரின் கொடுக்கலாமா? பாம்பு விஷ மருந்து முதல் நாலரை மணி நேர ஊசி வரை!

திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணுது, கை தூக்க முடியல, பேச்சு குழறுது. "ரத்தம் கெட்டியாயிடுச்சு, ஒரு ஆஸ்பிரினைக் கொடுங்க, இளகிடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம்.

பக்கவாதத்தில் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு வருவது இதுதான். குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியே பார்த்தா இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்கேன் எடுக்காம டாக்டராலேயே உறுதியாச் சொல்ல முடியாது. கசிவு இருப்பவருக்கு ஆஸ்பிரின் போனால் நிலைமை மோசமாகலாம். விழுங்க முடியாதவருக்கு மாத்திரை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு.

ரத்தத்தை இளக்கினால் போதாதா?

மருத்துவ உலகமும் இதை முயற்சி செய்து பார்த்ததுதான். டெக்ஸ்ட்ரான் திரவம் ஏற்றி ரத்தத்தை நீர்க்க வைத்தார்கள். பலன் கிடைக்கவில்லை.

இன்னொரு முயற்சிதான் ஆன்க்ரோட். மலாயா குழிவிரியன் பாம்பின் விஷத்திலிருந்து எடுத்த மருந்து! அந்தப் பாம்பு கடித்தவர்களுக்கு ரத்தம் நாள்கணக்கில் உறையாமல் இருந்ததை டாக்டர்கள் கவனித்ததில்தான் இந்த யோசனையே பிறந்தது. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை இது குறைக்கும். ரத்தத்தின் கெட்டித்தன்மையும் குறையும். 3 மணி நேரத்துக்குள் கொடுத்துப் பார்த்த வட அமெரிக்க ஆய்வில் (2000) பலன் தெரிந்தது. ஆனா 6 மணி நேரம் வரை நீட்டிப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் (2006) பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடியது.

அப்போ எது வேலை செய்யுது?

அடைப்பையே கரைக்கும் ஊசி. 1996-ல் அமெரிக்கா அனுமதித்த ஆல்டிப்ளேஸ் இந்த வகை. எடைக்கு ஏற்ற அளவில் 10 சதவீதத்தை முதலில் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் டிரிப்பாக ஏற்றுவார்கள். புதிய டெனெக்டிப்ளேஸ், சில விநாடிகளில் போட்டு முடிக்கும் ஒரே ஊசி. பக்கவாதத்துக்கு இதை அமெரிக்கா அனுமதித்தது 2025-ல்தான்.

பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நல்லா இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். காலையில் எழும்போதே கை வரலைன்னா, இரவு படுத்த நேரம்தான் கணக்கு! (அதுக்கப்புறமும் சிலருக்கு சிறப்பு ஸ்கேன் பார்த்து சிகிச்சை தர முடியும்.)

ரிஸ்க் இல்லையா? இருக்கு. ஆல்டிப்ளேஸுக்கு அடித்தளமிட்ட 1995 ஆய்வில், ஊசி போட்டவர்களில் 100-க்கு சுமார் 6 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்தது. அப்படியும், 3 மாதம் கழித்து ஊனமின்றி இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில்தான் அதிகம். இந்த ஊசிக்குப் பிறகு, ஆஸ்பிரினை வழக்கமாக 24 மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவார்கள்.

அதனால 108-க்கு போன் பண்ணும்போதே "பக்கவாதம் மாதிரி இருக்கு" என்று சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வார்ஃபரின் மாதிரி மருந்து ஏற்கெனவே எடுப்பவர் என்றால், இந்த ஊசி போடலாமா வேண்டாமா என்ற முடிவே மாறிவிடும்.