எஸ்எஸ்எச் தடுக்கப்பட்ட வலையமைப்பில் கிட் இணைப்பு

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலுள்ள கணினியுடன் மறையாக்கம் செய்யப்பட்ட வழியில் இணைய உதவும் நெறிமுறை ஆகும். இதனை 1995 இல் பின்லாந்தைச் சேர்ந்த டாட்டு யூலோனன் உருவாக்கினார். கிட் மென்பொருள் வழியாகத் தொலைக் களஞ்சியங்களுக்கு நிரல்களை அனுப்பவும் பெறவும் இது பயன்படுகிறது. இதன் வழக்கமான போர்ட் எண் 22. பல கல்லூரி, அலுவலக, விடுதி வலையமைப்புகளின் தீச்சுவர்கள் இணையப் பக்கங்களுக்கான 80, 443 ஆகிய போர்ட்டுகளை மட்டும் திறந்துவைத்து, 22 ஐ மூடிவிடுகின்றன.

தடையை அறிதல்

இணைப்பு நெடுநேரம் காத்திருந்து, நேரம் கடந்துவிட்டதாகச் செய்தி வந்தால் போர்ட் தடுக்கப்பட்டிருக்கலாம். மாறாக, அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியை வழங்கியே அனுப்பினால் வலையமைப்பில் தடையில்லை. சாவியையோ கணக்கின் உரிமையையோ சரிபார்க்க வேண்டும்.

மாற்று வழிகள்

முதல் வழி, களஞ்சியத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ் முகவரியாக மாற்றுவது. இது 443 ஆம் போர்ட்டில் செல்லும். கிட்ஹப் தளம் 2021 ஆகத்து 13 முதல் கிட் பணிகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. ஆகவே கடவுச்சொல் கேட்கப்படும் இடத்தில் தனிநபர் அணுகல் டோக்கனைத் தர வேண்டும்.

இரண்டாம் வழி, எஸ்எஸ்எச் நெறிமுறையையே 443 ஆம் போர்ட்டில் இயக்குவது. கிட்ஹப், கிட்லாப், பிட்பக்கெட் ஆகிய மூன்றும் இதற்கெனத் தனி வழங்கிப் பெயர்களை வைத்துள்ளன. கிட்ஹப்பில் வழக்கமான பெயருக்கு முன் 'எஸ்எஸ்எச்' என்ற முன்னொட்டும், மற்ற இரண்டில் 'ஆல்ட்எஸ்எஸ்எச்' என்ற முன்னொட்டும் புள்ளியுடன் சேரும். இப்பெயரையும் போர்ட் எண்ணையும் பயனரின் எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பில் ஒருமுறை எழுதினால் போதும். களஞ்சிய முகவரிகளை மாற்ற வேண்டியதில்லை. எனினும், போர்ட் எண்ணை மட்டுமன்றி உள்ளே செல்லும் தரவின் வகையையும் ஆராயும் தீச்சுவர்களில் இவ்வழி பயன்படாது.

பாதுகாப்பு

புதிய பெயரில் முதன்முறை இணையும்போது வழங்கியின் சாவிக் கைரேகை திரையில் தோன்றும். 'ஆம்' என்று விடையளிக்கும் முன், அந்நிறுவனம் தன் ஆவணப் பக்கத்தில் வெளியிட்டுள்ள கைரேகையுடன் ஒப்பிட வேண்டும். ஒப்பிடாமல் ஏற்றால், இடையில் நிற்கும் வேறொரு கணினியை உண்மையான வழங்கி என நம்பி நிரலை ஒப்படைக்க நேரலாம். கிட்ஹப் நிறுவனம் 2023 மார்ச்சில் தன் ஆர்எஸ்ஏ சாவியை மாற்றியபோது பலருக்கும் எச்சரிக்கை தோன்றியது. அத்தகைய வேளைகளிலும் சரிபார்ப்பை முடக்காமல், வெளியிடப்பட்ட புதிய கைரேகையுடன் ஒப்பிடுவதே முறை.

அலுவலகத்தில் போர்ட் வேண்டுமென்றே மூடப்பட்டிருக்கலாம் என்பதால், மாற்று வழியைக் கையாளும் முன் வலையமைப்பு நிருவாகியிடம் கேட்பது நல்லது.