மெதுவான பிலிமும் வேகமான லென்ஸும்

நம் பொங்கலூருக்கு எட்டும் தொலைவிலுள்ள உதகையில் புகைப்பட பிலிம் செய்யும் ஆலை ஒன்று இருந்தது என்றால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்? 1960-ல் தோன்றிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனந்தான் அது. ‘இந்து’ என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளைச் சுருள்களை எங்களுள் ஒருத்தியின் அப்புச்சி, தம் ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறார். ஆலையை மூடிவிட மத்திய அரசு 2014-ல் முடிவு செய்தது. அப்புச்சியின் பழைய நிக்கான் கேமரா மட்டும் துணிப்பையில் பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள 55 மி.மீ. லென்ஸின் விளிம்பில் 1.2 என்று பொறித்திருக்கிறது.

55-ஐ 1.2-ஆல் வகுத்தால் 46 மி.மீ. வரும். லென்ஸின் வாய் அவ்வளவு அகலம். கைக்குழந்தையின் வளையல் அளவு என்று வையுங்கள். 16 என்ற எண்ணில் வைத்தாலோ அது மிளகைவிடச் சிறிதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒளியின் வேறுபாடு ஏறக்குறைய 178 மடங்கு! நிறைய ஒளியை வாங்கி விரைவில் படத்தை முடிப்பதால் இதை ‘வேகமான’ லென்ஸ் என்கிறார்கள்.

பிலிமின் வேகம் வேறு சங்கதி. ஜெலட்டின் பூச்சினுள் வெள்ளி உப்பின் நுண்மணிகள் இருக்கின்றன. மணி பெரிதானால் பிலிம் வேகமானது, ஆனால் படம் சொரசொரப்பாகும். மணி சிறிதானால் மெதுவானது, படம் வழவழப்பாகும். இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவா வேண்டும்? இருபதாம் நம்பர் நூலில் ஓடிய துணியையும் நாற்பதாம் நம்பர் துணியையும் தடவிப் பார்த்தவர்கள்தாமே நாம்!

பிலிம்கள் மெதுவாக இருந்த காலத்தில், மங்கிய வெளிச்சத்தில் படமெடுக்கவே இத்தகைய லென்ஸ்கள் பிறந்தன. 1975-ல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி ஒளிக் காட்சிகளை ஸ்டான்லி குப்ரிக் 0.7 எண்ணுள்ள ஸைஸ் லென்ஸால் எடுத்தார். எங்கள் தொல்லை நேர்மாறானது. எங்களுக்கு வெயில் மிகுதி!

எங்களுள் மற்றொருத்தியின் அப்பாரு இறந்தபோது மாலையிட ஒரு படம் கிடைக்கவில்லை. கலியாணக் கூட்டப் படத்தில் பச்சைப்பயறு அளவில் அவர் தலை இருந்தது, அதையே பெரிதாக்கினார்கள். முகம் தெரியவில்லை. ஆகையால் அப்பத்தாவையாவது ஒழுங்காக எடுத்துவிட வேண்டுமென்று நாங்கள் மூவரும் தீர்மானித்தோம். அப்புச்சி இல்ஃபோர்டு பான் எஃப் பிலிம் ஒன்று தந்தார். வேக எண் 50, படங்கள் 36. “இன்னொரு ரோல் கேக்கப்படாது கண்ணு” என்றும் சொல்லிவிட்டார்.

நல்ல வெயிலில் 16-க்கு 1/50 வினாடி என்பது அவர் கணக்கு. 1.2-ல் அதுவே 1/8900 ஆகும். கேமராவோ 1/1000-க்கு மேல் ஓடாது. நிழலில் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால் கணக்கு 1/1100-க்கு வருகிறது, சரியாகிவிடும். எனவே அப்பத்தாவை வேப்பமரத்தடியில் உட்கார்த்தினோம். பனியன் துண்டுகளில் பிசிறு வெட்டிக்கொண்டே, “சுருங்கிப்போன மூஞ்சிய எதுக்குச் சாமி புடிக்கறீங்க?” என்றார்.

ஒரு மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டுவது இரண்டு சென்டிமீட்டர் ஆழந்தான். கண்ணுக்கு வைத்தால் மூக்கு நுனி மங்கும். அப்பத்தா மூச்சுவிட்டு அசைந்தாலே போயிற்று!

பிலிமைக் கழுவும் மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் தொட்டித் தண்ணீரோ கொதிக்கிறது. மண்பானை நீரில் ஐஸ் போட்டுச் சமாளித்தோம். முப்பத்தாறில் பதினொன்றே தேறின. வாயைத் திறந்து வைத்த பழைய லென்ஸுக்கே உரிய குறையால் வெள்ளைச் சேலையின் ஓரமெல்லாம் பனிபோல் ஒளி கசிந்திருந்தது. எங்களுக்கு அது பிடித்துவிட்டது. அப்புச்சி மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

கண் தெளிவாக விழுந்த படத்தைத்தான் அப்பத்தாவிடம் முதலில் காட்டினோம். அவர் அதைத் தள்ளிவிட்டு, நாங்கள் ஒதுக்கிய ஒன்றை எடுத்தார். அதில் முகம் மங்கல். கத்தரி பிடித்த கை மட்டும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. “மூஞ்சியத்தான் எல்லாரும் பாத்தாச்சே, கை நல்லா விழுந்திருக்குது” என்றார். இரண்டுக்கும் சட்டம் போட்டு அப்பாருவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.