ஒரே மருந்து, பல பெயர்கள்: அளவு தவறும் பாராசிட்டமால்

புதுதில்லி: மழைக்காலம் முடியும் தறுவாயில் தலைநகரில் ஆண்டுதோறும் டெங்கு தலைதூக்குகிறது. 2015-ல் 15,000-க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். 2023 ஜூலையில், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மருந்துக் கடைகளுக்கு தில்லி அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவுறுத்தியது. ஆஸ்பிரினும் இவ்வகை மருந்துகளும் டெங்கு நோயாளியின் ரத்தக்கசிவை அதிகப்படுத்தக் கூடும் என்பதே காரணம். எஞ்சி நிற்பது பாராசிட்டமால்.

அது பாதுகாப்பான மருந்துதான், அளவு தவறாத வரையில். வளர்ந்தவர்கள் ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் உட்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டலாகாது. குழந்தைகளுக்கு வயதைவிட எடையே கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. புட்டியின் மேலுள்ள எண்ணைப் பாராமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

பெரியவர்களிடம் தவறு வேறு வழியில் நேர்கிறது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை: 2,600. சளிக்கென்று வாங்கும் மாத்திரையில் ஒளிந்திருக்கும் 500, மூன்று வேளை: 1,500. இடுப்பு வலிக்கென்று கடைக்காரர் எடுத்துத் தரும் கூட்டு மாத்திரையில் 325, இரு வேளை: 650. மொத்தம் 4,750. பெயர்கள் மூன்று, மருந்து ஒன்றே.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளுட்டாதயோன் என்னும் பொருள் அதனை முறிக்கிறது. மருந்து மிகும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. ஊட்டக்குறைவாலும் தொடர்ந்த குடிப்பழக்கத்தாலும் இந்த அபாயம் கூடுகிறது. ஒரு நாள் கூலியையும் இழக்க இயலாமல், அரைப்பட்டினியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்லும் கட்டடத் தொழிலாளிக்கு அட்டையில் அச்சிட்ட அளவே அதிகமாகிவிடக் கூடும்.

கூட்டு மருந்துகளின் மீது மத்திய அரசு நடவடிக்கை எடுக்காமல் இல்லை. 2016 மார்ச்சில் 344 கலவைகள் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மறு ஆய்வு நடந்தபின், 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்டில் மேலும் 156. அதில் அசிக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 மில்லிகிராம் கலவையும் இருந்தது. பரவலாக விற்கும் 100, 325 கலவை இல்லை.

சீட்டின்றி விற்கத்தக்க மருந்துகள் என்றொரு வகையை 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டம் வரையறுக்கவே இல்லை. 2022 மே மாதம் வெளியான வரைவு அறிவிக்கை பாராசிட்டமால் உள்ளிட்ட 16 மருந்துகளை அவ்வாறு விற்கலாம் என்றது. ஐந்து நாள்களுக்கு மேல் உட்கொள்ளலாகாது, குணமாகாவிடில் மருத்துவரை நாட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். மாத்திரைகளைத் துண்டாக நறுக்கித் தரும் கடையில் இந்த நிபந்தனையை யார் சொல்வது?

அளவு மீறியவருக்கு முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிறு குமட்டலோடு சரி. முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் முழுப் பயன் தரும். கண் மஞ்சளாவதற்குக் காத்திராமல், விழுங்கிய மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.