மணிக்கட்டில் வலிக்கும் நீர்க்கட்டி: ஆபரேஷன் பண்ணணுமா, விட்டாலே போயிடுமா?

ஓசூர் சிப்காட், ஜூஜூவாடி, போச்சம்பள்ளி... வாட்ச், பைக், செல்போன் பாகம்னு எது தயாரானாலும் ஷிப்ட் முழுக்க உழைப்பது கைதான். அந்தக் கையின் மணிக்கட்டில் ஒருநாள் கோலிக்குண்டு மாதிரி ஒரு புடைப்பு. ஸ்க்ரூ முடுக்கும்போதும், கையை ஊன்றி எழும்போதும் வலி. 'கேன்சரா இருக்குமோ' என்ற பயம் ஒரு பக்கம், 'லீவு போட்டா சம்பளம் போயிடுமே' என்ற கவலை இன்னொரு பக்கம். என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

இது என்ன கட்டி?

டாக்டர்கள் இதை 'கேங்ளியான்' என்பார்கள். மூட்டு உறையில் இருந்தோ, தசைநாண் உறையில் இருந்தோ கிளம்பும் சின்னப் பை இது. உள்ளே ஜெல்லி மாதிரி கெட்டியான திரவம் இருக்கும். இது புற்றுநோய் அல்ல. 20 முதல் 40 வயதுக்காரர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம். பெரும்பாலும் மணிக்கட்டின் பின்புறம்தான் வரும். ஏன் வருகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இல்லை. ஆனால் கையை அதிகம் மடக்கி வேலை செய்தால் வலி கூடலாம்.

பெரிய கட்டிதான் வலிக்கும்னு நினைக்க வேண்டாம். வெளியே தெரியாத குட்டிக் கட்டிகூட நரம்பை அழுத்தி நல்லா வலிக்கும். அதை ஸ்கேனில்தான் கண்டுபிடிக்க முடியும்.

வழி 1: காத்திருப்பது

ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது தானாகவே மறைந்துவிடுகிறது. ஆனால் மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். வலி இருக்கும் நாட்களில் மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் பட்டை (ஸ்பிளிண்ட்), டாக்டர் தரும் வலி மாத்திரை உதவும்.

வழி 2: ஊசியால் உறிஞ்சுவது

மரத்துப்போக ஊசி போட்டு, சிரிஞ்சால் திரவத்தை எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலைதான். தையல் கிடையாது. சிக்கல்? பை உள்ளேயே இருப்பதால் மறுபடி நிறைந்துவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான அலசலில், 100-க்கு 59 பேருக்கு கட்டி திரும்ப வந்திருக்கிறது. நாடி பார்க்கும் பக்கத்தில் கட்டி இருந்தால், ரத்தக்குழாய் அருகிலேயே ஓடுவதால் ஊசி போட டாக்டர்கள் யோசிப்பார்கள்.

வழி 3: ஆபரேஷன்

பையை அதன் வேரோடு வெட்டி எடுப்பது. அதே அலசலில், திறந்த ஆபரேஷனுக்குப் பிறகு 100-க்கு 21 பேருக்கு மட்டுமே கட்டி திரும்பியது. ஆனால் தழும்பு, மணிக்கட்டு இறுக்கம், தொற்று, நரம்பு பாதிப்பு போன்ற சிக்கல்கள் ஊசியைவிட இதில் அதிகம். பளு தூக்கும் வேலைக்குத் திரும்ப சில வாரங்கள் ஆகலாம்.

அப்போ எது சரி?

இங்கிலாந்தின் லெஸ்டரில் 236 நோயாளிகளிடம் சுமார் 6 வருடம் கழித்து விசாரித்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஆபரேஷன் செய்தவர்கள், ஊசி போட்டவர்கள், எதுவும் செய்யாதவர்கள் என மூன்று தரப்பிலும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்திருந்தது. திருப்தி மட்டும் ஆபரேஷன் செய்தவர்களிடம் கூடுதல்.

ஆக, வலி லேசாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். சீக்கிரம் நிம்மதி வேணும், திரும்ப வந்தாலும் பரவாயில்லைன்னா ஊசி. மாதக்கணக்கில் காத்திருந்தும் வலி வேலையைத் தடுக்கிறது, ஊசி போட்டும் திரும்ப வந்துடுச்சுன்னா ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் பேசலாம்.

லீவு எடுத்தா சம்பளம்?

இஎஸ்ஐ பிடித்தம் இருக்கும் தொழிலாளர்களுக்கு சிகிச்சையோடு நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. சராசரி தினக்கூலியில் 70%, வருடத்துக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். தினக்கூலி 600 ரூபாய் என்றால் சுமார் 420 ரூபாய். இதற்கு, 6 மாத சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பிடித்தம் செய்திருக்க வேண்டும். பொதுவாக முதல் 2 நாட்களுக்குப் பணம் வராது. இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் முக்கியம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதில் வருவார்கள். அதனால் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கான்னு ஒருமுறை பாருங்க.

இதை மட்டும் செய்யாதீங்க

கனமான புத்தகத்தால் அடித்து உடைப்பது பழைய வைத்தியம். எலும்பு, நரம்பு அடிபடலாம். வீட்டிலேயே ஊசியால் குத்துவதும் ஆபத்து, சீழ் பிடிக்கும்.

கட்டி வேகமாக வளர்ந்தால், சிவந்து சூடானால், விரல் மரத்துப்போனால், பிடிமானம் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே எலும்பு டாக்டரைப் பாருங்க.