பதிவேட்டில் இருக்கட்டும், வகுப்பறையில் வேண்டாம்

ஐப்பசி மழை தொடங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. பாத்திகளில் மழைநீர் தேங்கினால் உப்பு விளையாது, கூலியும் கிடைக்காது. அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளியின் பிள்ளை படிப்பை விடாமல் இருக்க அரசின் கல்வி உதவித்தொகை பெரும் துணை. அதைப் பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் அதே பிள்ளையிடம், "நீ எந்தச் சாதி?" என்று வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்டால் அது கூனிக்குறுகிப் போகிறது. சாதியைப் பதியாவிட்டால் உரிமை கிடைக்காது. வெளியே சொன்னாலோ மதிப்புப் போகிறது. பள்ளிகள் என்ன செய்வது?

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சாதி, மத வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அப்படியானால் கல்வியில் இடஒதுக்கீடு சரியா? இந்தக் கேள்வி எழுந்தது நம் சென்னை மாகாணத்தில்தான். இங்கிருந்த வகுப்புவாரி ஆணை செல்லாது என 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதமே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. அமெரிக்காவிலோ, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. நம் நாடு தேர்ந்துகொண்ட வழி வேறு. காயம் எங்கே என்று பார்த்தால்தான் மருந்து இட முடியும் என்பதே அதன் பொருள்.

ஆனால் மருந்துக்காகக் கேட்ட விவரமே மீண்டும் காயப்படுத்தலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். இதையடுத்து தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஜூனில் அளிக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. மாணவர்களை அகர வரிசையில் அமர வைக்க வேண்டும். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது. உதவித்தொகை பற்றிய செய்தியைத் தலைமையாசிரியர் தம் அறையில் மாணவரிடம் தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

இங்கேதான் விடை இருக்கிறது. அலுவலகக் கோப்பு சாதியை அறிந்திருக்கலாம். வகுப்பறை அறிய வேண்டியதில்லை. செலவில்லாத இந்த ஏற்பாட்டுக்கு ஆசிரியரின் கவனம் ஒன்றே போதும். 2013 ஏப்ரலில் சாதி மோதலில் வீடுகள் எரிந்ததைக் கண்ட மரக்காணம் பகுதிக்கு இதன் அருமை தெரியும். பெரியவர்களின் பகை பிள்ளைகளின் பெஞ்சு வரை வர அதிக நாள் ஆகாது.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே உப்பளத்தில் உழைப்போரின் பிள்ளைகள் இருவேறு பட்டியல்களில்! அவர்களை ஒதுக்குகிறவர்கள் சான்றிதழைப் பார்த்து ஒதுக்குவதில்லை.

சட்டம் திருந்த நாளாகலாம். அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. நம் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் புது நண்பனின் பெயரைக் கேட்கிறோமா, அவன் எந்தத் தெரு என்று கேட்கிறோமா? நம் பங்கில் மறைக்கல்வி வகுப்பிலும், பாடகர் குழுவிலும், திருவிழாவிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கிறார்களா? பள்ளியிடம் நாம் கேட்கும் நீதியை முதலில் நம் வீட்டிலும் கோவிலிலும் தொடங்குவோம்.